பைத்தான் நிரல்மொழியில் இரண்டு சொற்பட்டியல்களை ஒப்பிடுகிறேன், விடை சரியாக வரவில்லை

#1 சொற்கிடங்கு

எல்லாருக்கும் வணக்கம். பிழைதிருத்தி ஒன்றுக்காகத் தமிழ்ச் சொற்களைத் தொகுத்து வருகிறேன். பழைய பட்டியலில் 41,260 வரிகள், புதியதில் 43,905 வரிகள். வரிக்கு ஒரு சொல். பழையதில் இருந்து புதியதில் விடுபட்ட சொற்கள் எவை, புதிதாய்ச் சேர்ந்தவை எவை என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான் கேள்வி.

நான் செய்தது இது. இரண்டு கோப்புகளையும் லிஸ்ட்டாகப் படித்துக்கொண்டேன். பழைய லிஸ்ட்டின் மேல் ஒரு ஃபார் சுற்று ஓட்டி, ஒவ்வொரு சொல்லும் புதிய லிஸ்ட்டில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தால் பழைய லிஸ்ட்டிலிருந்து ரிமூவ். கடைசியில் மிஞ்சுவதுதான் விடுபட்டவை என்று நினைத்தேன். அரை நிமிடம் ஓடிவிட்டு, 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் விடுபட்டதாகக் காட்டுகிறது. அவற்றில் பல புதிய பட்டியலில் கண்ணெதிரே இருக்கின்றன. எங்கே தவறு?

#2 அரைப்புள்ளி

சுற்று ஓடும்போதே அதே லிஸ்ட்டிலிருந்து நீக்குகிறீர்கள். தவறு அங்கேதான். சின்னதாக எடுத்துப் பாருங்கள்.

பழையது: அகல், அகவை, அகழி, அணில்
புதியது: அகல், அகவை

சரியான விடை அகழி, அணில் இரண்டும்தான். இப்போது உங்கள் சுற்று என்ன செய்கிறது? முதலில் 0ஆம் இடம்: அகல். புதியதில் இருக்கிறது, நீக்குகிறது. நீக்கியதும் மற்றவை எல்லாம் ஓரிடம் முன்னே நகர்கின்றன. அகவை இப்போது 0ஆம் இடத்துக்கு வந்துவிட்டது. சுற்றோ அடுத்து 1ஆம் இடத்தைத்தான் பார்க்கும். அங்கே அகழி. ஆக அகவையை யாருமே பார்க்கவில்லை, அது அப்படியே தங்கிவிடுகிறது. விடையாக அகவை, அகழி, அணில் என்று மூன்று வரும்.

உங்கள் பட்டியல்களில் பெரும்பாலான சொற்கள் இரண்டிலும் இருப்பவை. அதனால் ஒன்றை நீக்கி ஒன்றைத் தாண்டி, ஒன்றை நீக்கி ஒன்றைத் தாண்டிப் போயிருக்கிறது. ஏறக்குறைய பாதி மிஞ்சியதற்குக் காரணம் இதுதான். பைத்தான் இதற்குப் பிழைச்செய்தி எதுவும் தராது. டிக்‌ஷனரியிலோ செட்டிலோ (இரண்டும் வேறு வகைத் தொகுப்புகள்) இப்படிச் செய்தால் அளவு மாறிவிட்டது என்று நிறுத்திவிடும், லிஸ்ட்டில் அமைதியாக ஓடி முடியும்.

#3 விரைவோட்டம்

சுற்றே வேண்டாம். இரண்டையும் செட் (கணிதத்தில் சொல்லும் கணம்) ஆக்குங்கள். பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், உங்களுக்கு வேண்டிய இரண்டு வரிகளும் அப்படியே இவைதான்:

பழையது - புதியது
புதியது - பழையது

முதல் வரி விடுபட்டவை, இரண்டாவது சேர்ந்தவை. இரண்டையும் சேர்த்து ஒரே குவியலாக வேண்டுமென்றால்:

பழையது ^ புதியது

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லிஸ்ட்டில் ஒரு சொல் இருக்கிறதா என்று கேட்டால் முதல் இடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும். 41,260 சொற்களுக்கும் 43,905 இடங்களைப் பார்ப்பதென்றால் மோசமான நிலையில் சுமார் 181 கோடி ஒப்பீடுகள். செட் அப்படித் தேடாது. சொல்லிலிருந்து ஒரு ஹேஷ் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் இடத்துக்கு நேராகப் போய்ப் பார்க்கும். பட்டியல் பத்து மடங்கு வளர்ந்தாலும் ஒரு சொல்லைத் தேடும் நேரம் சராசரியில் ஏறக்குறைய அதேதான்.

#4 சொற்கிடங்கு

இருவருக்கும் நன்றி. அகவை உதாரணத்தைத் தாளில் எழுதிப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

செட் வைத்து ஓட்டினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. விடுபட்டவை 3,118, சேர்ந்தவை 5,966. சேர்ந்தது சரியாக இருக்கலாம், பல மாதமாகச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் 3,118 சொற்களை நான் நீக்கவே இல்லை. நூறுக்குள் இருந்தால் நம்புவேன்.

இன்னொன்றும் வினோதமாக இருக்கிறது. "தோட்டம்" விடுபட்டவையிலும் இருக்கிறது, சேர்ந்தவையிலும் இருக்கிறது. எப்படி ஒரே சொல் இரண்டிலும் வரும்? அதோடு, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் விடையின் வரிசை மாறுகிறது. எண்ணிக்கை மட்டும் மாறவில்லை.

#5 விரைவோட்டம்

வரிசை மாறுவது இயல்புதான். செட்டுக்கு வரிசை கிடையாது. பைத்தான் 3.3 முதல் சரங்களின் (எழுத்துத் தொடர்களின்) ஹேஷ் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறாக இருக்கும்படி செய்திருக்கிறார்கள், பாதுகாப்புக்காக. கோப்பில் எழுதும் முன் சார்ட்டட் போட்டு வரிசைப்படுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நேற்றைய விடையையும் இன்றைய விடையையும் ஒப்பிடுவதே தனி வேலையாகிவிடும்.

மூலப் பட்டியலின் வரிசையிலேயே விடை வேண்டுமென்றால், புதியதை மட்டும் செட் ஆக்குங்கள். பழையதை லிஸ்ட்டாகவே வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, செட்டில் இல்லாதவற்றை வேறொரு லிஸ்ட்டில் சேருங்கள். வேகம் குறையாது, வரிசையும் கெடாது.

#6 ஒற்றெழுத்து

சொற்கிடங்கு, "தோட்டம்" இரண்டு பக்கமும் வருகிறது என்றால் அவை கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். கண்ணால் பார்த்துப் பயனில்லை. இரண்டு பட்டியலிலிருந்தும் அந்தச் சொல்லை எடுத்து, முதலில் லென் போட்டு நீளத்தைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு குறியையும் ஆர்ட் செயற்கூறில் கொடுத்து வரும் எண்களை இங்கே இடுங்கள்.

#7 சொற்கிடங்கு

புதியதில் நீளம் 7, பழையதில் 8!

புதியது: 2980, 3019, 2975, 3021, 2975, 2990, 3021
பழையது: 2980, 3015, 3006, 2975, 3021, 2975, 2990, 3021

#8 ஒற்றெழுத்து

நினைத்தேன். இரண்டாவது இடத்தைப் பாருங்கள். 2980 என்பது த. புதிய பட்டியலில் அதை அடுத்து 3019, அதாவது ஓகாரக் குறி ஒரே துண்டாக. பழையதில் அதே ஓகாரம் இரண்டு துண்டாக இருக்கிறது: 3015 இரட்டைக் கொம்பு, 3006 துணைக்கால். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் தரமும் இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்றே சொல்கிறது. ஆனால் பைத்தான் இரண்டு சரங்களை ஒப்பிடும்போது குறிக்குக் குறி எண்ணைத்தான் பார்க்கும், ஈடா இல்லையா என்று பார்க்காது.

கொ, கோ, கௌ என்ற மூன்று வரிசையிலும் இது வரும். உங்கள் பழைய பட்டியல் பழைய எழுத்துரு ஒன்றிலிருந்து மாற்றியில் போட்டு எடுத்ததா? நான் பார்த்த அளவில் இப்படிப் பிரிந்த குறிகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. அந்த எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாக இருந்தன. மாற்றி அவற்றை அப்படியே தனித்தனிக் குறியாக மாற்றிவிட்டு நின்றுவிடும்.

தீர்வு எளிது. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா என்ற தொகுதியில் நார்மலைஸ் என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. என்.எஃப்.சி. என்ற வடிவத்தைக் கேட்டால் பிரிந்த குறிகளைச் சேர்த்துத் தரும். இரண்டு பட்டியலையும், திரும்பச் சொல்கிறேன், இரண்டையும், அதன் வழியாக அனுப்பிவிட்டு ஒப்பிடுங்கள். ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு இன்னொன்று ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

#9 சமன்பாடு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். #4இல் நீங்கள் தந்த எண்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, யூனிகோட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சேர்ந்தவை 5,966. விடுபட்டவை 3,118. கழித்தால் 2,848. பட்டியல் அத்தனை வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் 43,905இலிருந்து 41,260ஐக் கழித்தால் 2,645தான். 203 இடிக்கிறது.

எதை எதோடு ஒப்பிட்டாலும் இந்தக் கணக்கு நேராக வேண்டும். பழையதன் நீளத்தோடு சேர்ந்ததைக் கூட்டி, விடுபட்டதைக் கழித்தால் புதியதன் நீளம் வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ எதையோ எண்ணாமல் விட்டிருக்கிறோம். செட் எண்ணாமல் விடுவது ஒன்றைத்தான்: ஒரே சொல் பலமுறை வருவதை. உங்கள் பட்டியல்களில் மீண்டும் வரும் சொற்கள் இருக்கின்றன. புதியதைவிடப் பழையதில் அப்படிப்பட்ட வரிகள் 203 கூடுதலாக இருக்கின்றன.

#10 விரைவோட்டம்

சொற்பட்டியலில் ஒரே சொல் இரண்டு முறை இருந்தால் அது குப்பைதானே? செட் அதை நீக்குவது நல்லதுதான். பிழைதிருத்திக்குச் சொல் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும். இதைப் பெரிதாக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

#11 ஒற்றெழுத்து

அது பட்டியல் எப்படித் தொகுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. அகராதியிலிருந்து வந்த பட்டியல் என்றால் "ஆறு" மூன்று முறை வரலாம்: ஓடும் ஆறு, எண் ஆறு, சூடு ஆறுவது. மூன்றும் வேறு சொற்கள், எழுத்து மட்டும் ஒன்று. மாலை, படி, திங்கள் எல்லாம் அப்படித்தான். அவற்றைக் குப்பை என்று தள்ளக் கூடாது. சொற்கிடங்குதான் சொல்ல வேண்டும்.

#12 சொற்கிடங்கு

ஒற்றெழுத்து சொன்னதுதான் உண்மை. பழைய பட்டியல் அகராதித் தலைச்சொற்களிலிருந்து எடுத்தது, எழுத்துரு மாற்றியில் போட்டதும் சரி. ஒரே வடிவச் சொற்கள் தனித்தனி வரியாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சொல்வகை சேர்க்க வேண்டும் என்பது அடுத்த கட்ட வேலை. புதிய பட்டியலைத் தயாரிக்கும்போது ஒருமுறை, "சுத்தம் செய்கிறேன்" என்று நகல்களை நீக்கும் நிரல் ஒன்றை ஓட்டினேன். அதில்தான் போயிருக்கின்றன. சமன்பாடு சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. செட் வைத்து எத்தனை முறை ஒப்பிட்டாலும் இது வெளியே வந்திருக்காது என்பதுதான் மனதை உறுத்துகிறது.

இப்போது இந்த 203ஐ எப்படிக் கண்டுபிடிப்பது?

#13 சமன்பாடு

கலெக்‌ஷன்ஸ் தொகுதியில் கவுண்டர் இருக்கிறது. சொல்லையும் அது எத்தனை முறை வந்தது என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். செட்டைப் போலவே இதிலும் கழிக்கலாம்.

பழையது: மலை, மலை, கடல்
புதியது: மலை, கடல், கடல்

செட் வைத்துக் கழித்தால் இரண்டு பக்கமும் வெறுமை. வேறுபாடே இல்லை என்று சொல்லும். கவுண்டரில் பழையதிலிருந்து புதியதைக் கழித்தால் "மலை 1", திருப்பிக் கழித்தால் "கடல் 1".

ஒன்றைக் கவனியுங்கள். கழித்தல் குறியைப் போட்டுக் கழித்தால் பூச்சியமும் அதற்குக் கீழே போனவையும் விடையில் வராது. அதனால் இரண்டு திசையிலும் கழிக்க வேண்டும். கவுண்டரிலேயே சப்ட்ராக்ட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது குறை எண்களையும் வைத்துக்கொள்ளும்: மலை 1, கடல் -1. ஆனால் அது இருக்கும் கவுண்டரையே மாற்றிவிடும், புதிதாக ஒன்றைத் தராது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒருநாள் முழுக்க நான் தேடியிருக்கிறேன்.

விரைவோட்டம் சொன்னதை நான் மறுக்கவில்லை. இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் கேள்வியானால் செட்டை மிஞ்ச எதுவும் இல்லை. இங்கே கேள்வி அது இல்லை, அவ்வளவுதான்.

#14 விரைவோட்டம்

ஒத்துக்கொள்கிறேன். அகராதியிலிருந்து வந்தது என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். கவுண்டர்தான் சரி.

#15 புதுநடை

நானும் கற்றுக்கொண்டிருப்பவன். டிஃப்லிப் என்று ஒரு தொகுதி இருப்பதாகப் படித்தேன். வேறுபாடு பார்ப்பதற்கென்றே எழுதியது போலிருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

#16 அரைப்புள்ளி

நல்ல கேள்வி. அது வேறு வேலைக்கு. வரிசை முக்கியம் என்னும் இடத்துக்கு.

பழையது: அ, ஆ, இ, ஈ
புதியது: ஆ, இ, ஈ, அ

செட்டையும் கவுண்டரையும் கேட்டால் வேறுபாடு இல்லை என்பார்கள். ஸிப் போட்டு இடத்துக்கு இடம் ஒப்பிட்டால் நான்குமே வேறு என்று வரும். டிஃப்லிப் மட்டும்தான் ஒரு மனிதர் சொல்வதைப் போலச் சொல்லும்: "முன்னால் இருந்த அ போய்விட்டது, கடைசியில் ஓர் அ வந்திருக்கிறது, நடுவில் மூன்றும் அப்படியே." மூன்று விடையும் சரியானவைதான். கேள்விதான் வேறு.

கட்டுரையின் இரண்டு வடிவங்கள், நிரலின் இரண்டு வடிவங்கள் என்றால் இதுதான் வேண்டும். இந்தச் சிக்கலுக்குப் பெரிய வரலாறே உண்டு. யூனிக்ஸ் இயங்குதளத்தின் டிஃப் கட்டளைக்கு அடியில் இருந்த முறையை ஹன்ட், மெக்கில்ராய் இருவரும் 1976இல் அறிக்கையாக எழுதினார்கள். இரண்டிலும் அதே வரிசையில் வரும் மிக நீளமான பொதுத்தொடரைக் கண்டுபிடிப்பதுதான் அடிப்படை. 1986இல் யூஜின் மயர்ஸ் வேறொரு வழி காட்டினார். வேறுபாடு குறைவாக இருந்தால் வேலையும் குறைவாக இருக்கும்படியான வழி. நிரல் வடிவங்களைக் காக்கும் கிட் இன்றும் இயல்பாகப் பயன்படுத்துவது அவருடைய முறையைத்தான். டிஃப்லிப் இந்த வழியில் போவதில்லை. ஒத்துப்போகும் மிக நீளமான துண்டை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாக அதையே திரும்பச் செய்யும். அதனால் எப்போதும் மிகச் சிறிய வேறுபாடு வரும் என்று உறுதியில்லை, ஆனால் படிக்கிறவருக்குப் புரியும்படி வரும்.

அகரவரிசையில் இருக்கும் 40 ஆயிரம் சொற்களுக்கு இது தேவையில்லாத சுமை. இன்னொரு பொறியும் உண்டு. 200 உறுப்புகளோ அதற்கு மேலோ உள்ள தொடர்களில், 1%க்கும் மேல் திரும்பத் திரும்ப வரும் உறுப்பை இது "அடிக்கடி வருவது" என்று முத்திரை குத்தி, பொருத்தம் தேடும்போது ஒதுக்கிவைக்கும். நிரல் கோப்புகளின் வெற்று வரிகளுக்காகச் செய்த ஏற்பாடு. எண்களின் தொடரை ஒப்பிடுகிறவர்களை இது ஏமாற்றியிருக்கிறது. ஆட்டோஜங்க் என்ற அமைப்பை அணைத்துவிட்டால் சரியாகும்.

#17 புதுநடை

மிக்க நன்றி. ஸிப் பற்றி ஒரு சின்னச் சந்தேகம். ஒரு பட்டியல் நீளமாக இருந்தால்?

#18 அரைப்புள்ளி

சிறியது முடிந்த இடத்தில் ஸிப் நின்றுவிடும், மீதியைப் பற்றி வாயே திறக்காது. பைத்தான் 3.10இலிருந்து ஸ்டிரிக்ட் என்று கேட்கலாம். நீளம் வேறுபட்டால் பிழை காட்டும். மீதியும் வேண்டுமென்றால் ஐட்டர்டூல்ஸில் ஸிப் லாங்கஸ்ட்.

#19 சொற்கிடங்கு

நிலவரம் சொல்கிறேன். இரண்டையும் என்.எஃப்.சி. ஆக்கி ஓட்டினேன். விடுபட்டவை 3,118இலிருந்து 131 ஆகிவிட்டன. சேர்ந்தவை 2,979. அதாவது 2,987 சொற்கள் வெறும் கொம்பும் காலும் பிரிந்ததால் வேறாகத் தெரிந்தவை.

அந்த 131ஐ ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். பழைய பட்டியலின் முதல் சொல்லான "அ" விடுபட்டதாகக் காட்டுகிறது. புதியதிலும் முதல் சொல் அதுதான். நீளம் பார்த்தேன், பழையதில் 2. முதல் எண் 65279. இது என்ன? அப்புறம் "ஔவை", "ஔடதம்", "பௌர்ணமி" எல்லாம் இன்னும் இரண்டு பக்கமும் நிற்கின்றன. நார்மலைஸ் இவற்றை ஏன் சேர்க்கவில்லை?

#20 ஒற்றெழுத்து

65279 என்பது கோப்பின் தலையில் வைக்கும் ஒரு மறைகுறி, சில மென்பொருள்கள் சேமிக்கும்போது தாமாகவே வைக்கும். ஓரத்து இடைவெளிகளை நீக்கும் ஸ்டிரிப் அதை நீக்காது, ஏனென்றால் அது இடைவெளி வகையில் இல்லை. கோப்பைத் திறக்கும்போதே குறியாக்கத்தை யு.டி.எஃப்.-8-சிக் என்று கொடுத்தால் தானே போய்விடும். இதே போல 8203, 8204 எண்களும் வரலாம். இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை, ஸ்டிரிப்புக்கும் அகப்படாதவை. இணையப் பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டிய சொற்களில் தேடிப் பாருங்கள். 160 என்ற பிரிக்காத இடைவெளி மட்டும் ஸ்டிரிப்பில் போய்விடும், சொல்லின் ஓரத்தில் இருந்தால்.

ஔவைக்கு வருவோம். இது உண்மையிலேயே வேறு எழுத்து. ஒரு பட்டியலில் ஔ, 2964 என்ற ஒரே குறி. இன்னொன்றில் ஒ என்ற 2962உம் ள என்ற 2995உம் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்யப்பட்டிருக்கின்றன. யூனிகோட்டின் பார்வையில் இது ஈடு கிடையாது, பிழை. ஒ, ள என்ற இரண்டு நல்ல எழுத்துகளைச் சேர்த்து ஔ ஆக்கும் உரிமை நார்மலைஸுக்கு இல்லை. பௌர்ணமியும் அப்படித்தான். பகரத்தின் பின்னால் கொம்பும் ளகரமும் இருக்கும்.

இங்கே அவசரப்பட்டு எல்லா "ஒள"வையும் "ஔ"வாக மாற்றிவிடாதீர்கள். "ஒளி" என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஒ, ள, அப்புறம் இகரக் குறி. முதல் இரண்டும் ஔ ஆகிவிட்டால், உயிரெழுத்தின் மேல் இகரக் குறி தொங்கிக்கொண்டு நிற்கும், அப்படி ஓர் எழுத்தே தமிழில் இல்லை. ஒளிவு, ஒளிர், ஒள்ளிய எல்லாம் சேர்ந்து கெடும். அதனால் ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாதீர்கள். வராவிட்டால் மாற்றலாம். கொம்போடு ளகரம் வருகிற இடத்திலும் அதே விதிதான், "தெளிவு" இருக்கிறதே. மாற்றியவற்றை எல்லாம் ஒரு கோப்பில் எழுதி ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். இதை நிரலை மட்டும் நம்பிச் செய்யக் கூடாது.

#21 சமன்பாடு

இன்னொரு யோசனை. சொல்லைத் திருத்தித் திருத்தி அதையே ஒப்பிட்டு, அதையே விடையாகவும் எழுதினால், மூலக் கோப்பில் அது எப்படி இருந்தது என்று பிறகு தெரியாமல் போகும். ஒரு டிக்‌ஷனரி வைத்துக்கொள்ளுங்கள். சீராக்கிய வடிவம் சாவி, கோப்பில் இருந்த வடிவமும் வரி எண்ணும் மதிப்பு. ஒப்பிடுவது சாவிகளை, விடையில் காட்டுவது மதிப்பை. அப்போதுதான் 131ஆவது சொல் பழைய கோப்பில் எந்த வரியில் என்று நேராகப் போய்ப் பார்க்க முடியும். ஒரே சாவிக்குப் பல வரிகள் வரும் என்பதால் மதிப்பை லிஸ்ட்டாக வையுங்கள், இல்லாவிட்டால் மறுபடி "ஆறு" ஒன்றாகிவிடும்.

சொல்வகை சேர்க்கும் கட்டம் வரும்போது சாவியைச் சொல், வகை என்ற இரண்டும் சேர்ந்த டியூப்பிளாக (மாற்ற முடியாத தொகுப்பாக) மாற்றுங்கள். பலர் ஒவ்வொரு பதிவையும் டிக்‌ஷனரியாக வைத்துச் செட்டில் போடப் பார்த்து, ஹேஷ் செய்ய முடியாது என்ற பிழையில் முட்டிக்கொள்வார்கள். டிக்‌ஷனரி, லிஸ்ட் போன்ற மாறக்கூடிய தொகுப்புகளைச் செட் ஏற்காது. டியூப்பிளுக்குள் இருப்பவை மாறாதவையாக இருந்தால் ஏற்கும்.

#22 பெருங்கோப்பு

என் கோப்புகள் நினைவகத்தில் அடங்காதவை, கோடிக்கணக்கான வரிகள். செட்டும் கவுண்டரும் எனக்கு உதவாது. நான் செய்வது: இரண்டையும் வட்டிலேயே வரிசைப்படுத்திவிட்டு, இரண்டின் தலையிலும் ஒவ்வொரு விரல் வைத்தது போல நடப்பது. இரண்டும் சமம் என்றால் இரண்டு விரலும் நகரும். இடப்பக்கம் சிறியது என்றால் அது விடுபட்டது, இடவிரல் மட்டும் நகரும். வலப்பக்கம் சிறியது என்றால் அது சேர்ந்தது. ஒருநேரத்தில் நினைவகத்தில் இருப்பவை இரண்டே வரிகள். ஒரே சொல் பலமுறை வந்தாலும் எண்ணிக்கை பிசகாது. யூனிக்ஸின் காம் கட்டளையும் இதைத்தான் செய்கிறது.

தமிழுக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டும் ஒரே விதியில் வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். பைத்தானின் சார்ட்டட் குறி எண்ணைப் பார்க்கும். அதில் ன, நகரத்தை அடுத்து பகரத்துக்கு முன்பே வந்துவிடும். அகராதியில் ன கடைசி. புள்ளி வைத்த எழுத்தும் குறி எண்படி உயிர்மெய்களுக்கெல்லாம் பின்னால் போகும், அகராதியில் முன்னால் வரும். ஒரு கோப்பு அகராதி வரிசையிலும் இன்னொன்று குறி வரிசையிலும் இருந்தால், விரல்கள் ஒன்றையொன்று தாண்டிப் போய், இரண்டிலும் இருக்கும் சொல்லை விடுபட்டதாகவும் சேர்ந்ததாகவும் காட்டும்.

#23 சொற்கிடங்கு

மறைகுறி போய்விட்டது, அது 1. ஔகாரம் திருத்தியதில் 25. "ஒளி"யைப் பத்திரமாக விட்டுவிட்டேன், மாற்றியவற்றைக் கண்ணாலும் பார்த்துவிட்டேன். இப்போது விடுபட்டவை 105, சேர்ந்தவை 2,953. கவுண்டர் தனியாக 203 வரிகளைக் காட்டுகிறது. எல்லாமே ஒரே வடிவச் சொற்கள்தான், "ஆறு" மூன்றில் இரண்டைக் காணோம்.

இந்த 105இல் நான் வேண்டுமென்றே நீக்கிய பிழைச் சொற்களும் இருக்கும், தெரியாமல் போனவையும் இருக்கும். பிரிக்க ஏதாவது சுருக்குவழி உண்டா?

#24 அரைப்புள்ளி

டிஃப்லிப்புக்கு இப்போது வேலை வந்துவிட்டது. அதில் கெட் குளோஸ் மேட்சஸ் என்று ஒன்று இருக்கிறது. விடுபட்ட ஒவ்வொரு சொல்லையும் கொடுத்து, சேர்ந்தவற்றில் அதற்கு நெருக்கமானது எது என்று கேளுங்கள். "சுவற்றில்" போய் "சுவரில்" வந்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். அப்படி இணை கிடைத்தவை நீங்கள் திருத்தியவையாக இருக்க வாய்ப்பு அதிகம். இணை கிடைக்காதவற்றை முதலில் பாருங்கள். இயல்பாக 0.6 அளவு ஒற்றுமை இருந்தாலே காட்டிவிடும், தமிழ்ச் சொற்களுக்கு அது தாராளம், ஏனென்றால் புள்ளிகளும் விகுதிகளும் எல்லாச் சொல்லிலும் ஒத்துப்போகும். 0.7க்கு ஏற்றிப் பாருங்கள். 105ஐ 2,953ஓடு ஒப்பிட மூன்று லட்சத்துச் சொச்சம் ஒப்பீடு, பொறுத்துக்கொள்ளலாம்.

#25 சொற்கிடங்கு

இரண்டு மாலை உட்கார்ந்து 105ஐயும் பார்த்து முடித்தேன். 61 சொற்கள் நான் தெரிந்தே நீக்கிய பிழைகள். 44 சொற்கள் தவறுதலாகப் போனவை. அந்த 44ஐயும், ஒரே வடிவச் சொற்களின் 203 வரிகளையும் புதிய பட்டியலில் திரும்பச் சேர்த்துவிட்டேன். இப்போது அதில் 44,152 வரிகள்.

கவுண்டர் வைத்து மறுபடி ஓட்டினேன். விடுபட்டவை 61, சேர்ந்தவை 2,953. சமன்பாடு சொன்னபடி கணக்கும் போட்டுப் பார்த்தேன்: 41,260ஓடு 2,953ஐக் கூட்டி 61ஐக் கழித்தால் 44,152.

#26 சமன்பாடு

நேராகிவிட்டது.